ஆறு விளக்கும் இருபத்து நான்கு காதும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். மேலே பிள்ளையார் சுழி போடுவேன். பிறகு ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்துவிடுவேன். வேலை ஒன்றும் இருக்காது. வெட்கம்தான். எட்டாவதோடு நின்றவன் எழுதினால் பிழை வருமே என்பது பாதி வெட்கம். எழுத உட்கார்ந்தால் உள்ளதை எழுத வேண்டுமே என்பது மீதி. இப்போது கை நடுங்குகிறது, பட்டறையை மூடியாகிவிட்டது. தகடு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்து, "அனுபவம் எதனா சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அன்றைக்கு ஏதோ வேடிக்கை பேசி அனுப்பிவிட்டேன். இது அன்று சொல்லாதது.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் என் பட்டறை. தகட்டைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், தட்ட ஒரு மரக் கொட்டாப்புளி, கத்திரி, அரம், நாலைந்து புளியமரக் கட்டைகள். கையால் வளைக்கக்கூடிய சின்னச் சாமான்கள்தான் செய்வேன். தறிக்குக் கொக்கி, பூஜை அலமாரிக்குக் கீல், டிரங்குப் பெட்டிக்கு மூலைத் தகடு. எப்படி வளைப்பது என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் கை நாலு தகடு வீணாக்கித் தானே கற்றுக்கொள்ளும்.

தப்பு எல்லோரும் செய்வோம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நெல் வியாபாரியின் பெட்டிக்கு எட்டு மூலைத் தகடு வளைத்தேன். நாலு இடப்பக்கம், நாலு வலப்பக்கம் வர வேண்டும். எட்டையும் இடப்பக்கத்துக்கே வளைத்துக் கொண்டுபோய் நின்றேன். அவர் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்பா, என் பொட்டிக்கு வலது பக்கமே கிடையாதா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், வேறு செய்து கொடுத்தேன். அந்த மாதிரித் தப்பு சிரிப்போடு போய்விடும். நான் எழுத வந்தது அப்படிப் போகாத ஒன்றை.

அறுபதுகளின் கடைசி. எனக்கு முப்பது வயதிருக்கும். அப்போது கல்யாண ஊர்வலம் என்றால் காஸ் லைட்டு என்கிற பெட்ரோமாக்ஸ் விளக்குதான். விளக்கை ஒரு பலகை மேல் நிறுத்தி, தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் பலகையை ஏற்றிக்கொண்டு பெண்கள் நடப்பார்கள். எங்கள் பக்கம் இந்த வேலைக்கு முசரவாக்கத்திலிருந்து ஆறு பெண்கள் சேர்ந்து வருவார்கள். அவர்களில் பெரியவள் முனியம்மா. வாடகைக்கு விளக்கு விடும் கடை ரங்கநாயகி அம்மாளுடையது. கணவர் காலமான பிறகு அந்த அம்மாளே தனியாகக் கடையை நடத்திவந்தார்.

விளக்கின் அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி இருக்கும். அது பலகையிலிருந்து நழுவாமல் இருக்க, சுற்றிலும் நாலு இடத்தில் தகட்டை வளைத்துப் பிடித்திருப்போம். ஒரு முனையைப் பலகையோடு திருகாணியால் முடுக்கிவிட்டால், மறுமுனை தொட்டியின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். அதற்குக் காது என்று பெயர். ஒரு விளக்குக்கு நாலு காது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். எரிகிற விளக்கு ஒரு பெண்ணின் தலைமேல் நிற்பது அந்த நாலை நம்பித்தான்.

ஒரு நாள் ரங்கநாயகி அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"கோதண்டம், பழைய காதெல்லாம் துரு ஏறிப் பாக்கவே நல்லால்லப்பா. வர்ற கல்யாணம் பெரிய இடம். ஆறு லைட்டுக்கும் புதுசா போட்டுக் குடு. பளபளன்னு இருக்கணும்."

"பித்தளையில போட்டுடறேன்மா. தங்கமாட்டம் இருக்கும்."

அதுவரை காதுகளை இரும்புத் தகட்டில்தான் செய்திருந்தேன். பித்தளைத் தகடு ஒன்று பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்தேன். கெட்டியான தகடு. அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, இளக்கிய பிறகுதான் வளைக்க வேண்டும். எனக்கு அது தெரியாமல் இல்லை. காய்ச்சினால் தகடு கறுத்துவிடும், மறுபடி தேய்த்துப் பளபளப்பு ஏற்ற ஒரு நாள் ஆகும். பளபளவென்று இருக்கிறதே, அப்படியே வளைத்துவிடலாம் என்று வளைத்தேன். வளைந்தது. இருபத்து நான்கும், கையிருப்புக்கு இரண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையானாலும் முதல் சாமானுக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டு, பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் கொடுப்பேன். பொட்டைச் சரியாக வளைவின் மேல் வைப்பேன். தகட்டுக்கு வலி விழுகிற இடம் அதுதான், அதற்குத்தான் துணை வேண்டும் என்று என் மனசில் ஒரு எண்ணம். இது கல்யாண விளக்கு. ஆகவே இருபத்தாறுக்கும் பொட்டு வைத்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, மாப்பிள்ளை ஊர்வலம் நடக்க வேண்டிய அன்றைக்கு, நானே கொண்டுபோய் எல்லாப் பலகையிலும் முடுக்கிவிட்டு வந்தேன்.

மாலை ஐந்து மணி இருக்கும். மிச்சம் இருந்த இரண்டு காதும் பட்டறை மேசை மேல் கிடந்தன. சந்தனம் காய்ந்திருந்தது. காய்ந்த சந்தனம் வெடிப்பது உங்களுக்குத் தெரியும். குளத்து மண் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக வெடிக்கும். இந்த இரண்டிலும் ஒரே ஒரு கோடு. வகிடு எடுத்த மாதிரி நேராக, வளைவின் மேல் ஓடியது. கட்டைவிரலால் சந்தனத்தைத் துடைத்தேன். சந்தனம் போயிற்று. கோடு போகவில்லை.

ஒன்றைக் குறட்டால் பிடித்து லேசாக ஒரு நெம்பு நெம்பினேன். பிஸ்கட் மாதிரி இரண்டாகிவிட்டது.

அந்த நேரத்தில் என் மனசு என்னவெல்லாம் சொன்னது என்று எழுதினால்தான் உங்களுக்குப் பிரயோஜனம். இந்த இரண்டு மட்டும்தான் இப்படி இருக்கும், மற்றவை நன்றாக இருக்கும் என்றது. ஒரு விளக்குக்கு நாலு காது இருக்கிறதே, ஒன்று போனாலும் மூன்று தாங்கும் என்றது. என் மனைவி வந்து, "இன்னாங்க, இப்படி நிக்கறீங்க?" என்று கேட்டபோது உடைந்த துண்டைக் காட்டினேன். பிறகு, "எல்லாம் பெருமாள் முன்னாடி வச்சி எடுத்ததுதான். ஒண்ணும் ஆவாது" என்றேன். அவளுக்குச் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தகடை வளைச்சது பெருமாளா, நீங்களா?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான போவணும். சைக்கிள்ல காத்து இருக்குது. காலையிலதான் அடிச்சீங்க."

கடைக்குப் போனபோது ரங்கநாயகி அம்மாள் வாசலில் நின்றிருந்தார். உள்ளே விளக்குகள் இல்லை.

"ஆறும் கிளம்பிடுச்சேப்பா. மாப்பிள்ளை வீட்டாண்ட ஏத்தியே இருப்பாங்க. இன்னா சமாச்சாரம்?"

சொன்னேன். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை.

"கோதண்டம், நல்லாக் கேட்டுக்கோ. மாப்பிள்ளை ஊர்வலத்துல விளக்கு அணைஞ்சிதுன்னா, அந்தப் பொண்ணு வாழ்க்கையில எது நடந்தாலும் ஊரு இதத்தான் சொல்லும். அப்புறம் என் கடை வாசப்படிய எவனும் மிதிக்க மாட்டான். அதனால அணைக்கக் கூடாது. ஆனா அந்தப் பொம்பளைங்க மேல ஒரு சொட்டு எண்ணெ உழுந்தாலும் உன்ன நான் உட மாட்டேன்."

"ரெண்டும் எப்படிம்மா?"

"அது உன் கவலை. வளைச்சது நீ."

சைக்கிளில் ஏறினேன். விளக்கை அணைக்கக் கூடாது. ஆனால் தலையிலிருந்து இறக்கியாக வேண்டும். இறக்கிப் பலகையோடு கட்டிவிட்டால் போதும். தொட்டி இருக்கும் அடிப்பாகம் அவ்வளவாகச் சுடாது, கயிறு தாங்கும். வழியில் ஒரு தறிக்காரர் வீட்டில் நின்று, மிதிபலகைக்குக் கட்டுகிற நூல் கயிறு வேண்டும் என்றேன்.

"இன்னா கோதண்டம், மாடு வாங்கிட்டியா?"

"விளக்கு கட்டறதுக்கு."

"விளக்க எவன்யா கட்டிப் போடுவான்? அது எங்க ஓடப் போவுது?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்டுக் கயிற்றைத் தூக்கிப் போட்டார்.

இறக்குவது எங்கே? அப்போதுதான் தோன்றியது. ஊர்வலம் எந்தத் தெருவில் போனாலும் முக்கில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், மாப்பிள்ளைக்கு விபூதி கொடுப்பார்கள். அங்கே நிற்பதை யாரும் அபசகுனம் என்று சொல்ல முடியாது. நிற்காமல் போனால்தான் அபசகுனம். ஆனால் வழக்கமாக அப்படி நிற்பது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. ஆறு விளக்கைக் கட்ட எனக்குக் கால் மணி நேரமாவது வேண்டும்.

கோயிலில் குருக்கள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"கால் மணி, சாமி."

"மாப்பிள்ளை பேருக்கு அர்ச்சனைன்னு ஆரம்பிக்கறேன். அப்புறம் அவா வீட்டுல வந்திருக்கறவா அத்தனை பேருக்கும் கோத்திரம், நட்சத்திரம் கேக்கறேன். கல்யாண வீட்டுல அதுக்கா பஞ்சம்? போ."

நாயனச் சத்தம் அதற்குள் தெருவுக்குள் திரும்பிவிட்டது. பொழுது சாய்ந்து, விளக்கு வெளிச்சம் எடுப்பாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. மூன்று மூன்றாக இரண்டு வரிசை. நடுவில் மாப்பிள்ளை. பின்னால் பட்டுப் புடவைகளும் குழந்தைகளும். முன் வரிசையில் முனியம்மா நேராகப் பார்த்து நடந்து வந்தாள். நான் ஓடிப்போய் அவள் பக்கத்தில் கூடவே நடந்தேன்.

"அக்கா, விளக்கைப் புடிச்சிருக்கிற காது விரிசல் உட்டிருக்குது. என் தப்பு."

அவள் தலை திரும்பவில்லை. திருப்ப முடியாது. கண் மட்டும் என் பக்கம் வந்தது.

"எத்தினி?"

"தெரியலக்கா. எல்லாமே இருக்கலாம்."

"இத யார் யார்கிட்ட சொன்னே?"

"கடைக்கார அம்மாகிட்ட. அப்புறம் குருக்கள்கிட்ட."

"தலை எங்குளுது. சேதி மட்டும் எங்களுக்குக் கடைசியா?"

தம்பிகளே, அவள் கேட்டது சரி. வீட்டிலிருந்து கிளம்பியதும் நேராக அவர்களிடம்தான் போயிருக்க வேண்டும். கடையின் பெயர், கல்யாணத்தின் சகுனம், என் மானம் எல்லாவற்றையும் நினைத்தேன். அந்த ஆறு பேருக்கும் வாய் இருக்கிறது, அவர்களும் ஒரு முடிவு சொல்வார்கள் என்று நினைக்கவே இல்லை.

"அக்கா, நீ சொல்லு. இப்பவே கத்தி நிறுத்திடறேன். எது வேணா ஆவட்டும்."

அவள் கண் தெருவின் இரண்டு ஓரத்துக்கும் போய் வந்தது.

"இங்க வாணாம். தெரு குறுகலு. திடுதிப்புனு நின்னா பின்னாடி வர்ற கும்பல் மேல வந்து உழும். கொழந்தைங்க வேற இருக்குது. பிள்ளையார் கோயிலாண்ட இடம் இருக்குது. அதுவரைக்கும் நடக்கறோம்." பிறகு குரலை மட்டும் உயர்த்தினாள். "ஏய், எல்லாரும் ரெண்டு கையும் பலகைல வையிங்கடி. வயித்துல புள்ளை இருக்கிறாப்பல நடங்க. எவளும் ஏன்னு கேக்காதீங்க, அப்பறம் சொல்றேன்."

ஐம்பது அடி இருக்கும். அதற்குள் எத்தனை திவ்ய நாமம் சொன்னேனோ எனக்குத் தெரியாது. நாயனக்காரர் உற்சாகமாக வேகத்தைக் கூட்டினார். பெண்கள் ஆறு பேரும் அந்த வேகத்துக்கு வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லை. அவர்கள் வராமல் வெளிச்சம் வராது, வெளிச்சம் வராமல் ஊர்வலம் நகராது. நாயனம்தான் கடைசியில் அவர்கள் நடைக்கு இறங்கி வந்தது.

கோயில் வந்தது. விளக்குகளை இறக்கி, சுவர் ஓரமாகத் தரையில் வரிசையாக வைத்தார்கள். ஒன்றும் அணையவில்லை. உள்ளே குருக்கள் தொடங்கிவிட்டார். நான் முட்டி போட்டுக் கட்ட ஆரம்பித்தேன். முனியம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கயிற்றை வாங்கி இழுத்துக் கொடுத்தாள். முதல் விளக்கு சரி. இரண்டாவது சரி. மூன்றாவது விளக்கில் கை வைத்ததும் ஒரு காது, பழுத்த இலை மாதிரி, கையோடு வந்துவிட்டது. அதே விளக்கில் எதிர்க் காதைத் தொட்டேன். அதுவும் வந்தது. மிச்சம் இரண்டு காதின் பலத்தில்தான் அந்த விளக்கு ஐம்பது அடியும் வந்திருக்கிறது. அதைச் சுமந்து வந்த பெண் எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

உள்ளே குருக்கள் குரல் கேட்டது.

"மாப்பிள்ளையோட சின்ன அத்தை, உங்க நட்சத்திரம் சொல்லுங்கோ."

"சாமி, இன்னும் எத்தினி பேருக்கு?" என்றது மாப்பிள்ளையின் தகப்பனார் குரல்.

"இன்னும் தாய்மாமா ஆகலையே. விட்டுட்டா அவருக்கு மனசு சங்கடப்படாதோ?"

"ஆமாமா, எனக்கும் சேத்துப் பண்ணுங்க" என்றார் தாய்மாமா.

ஆறாவது விளக்கின் முடிச்சைப் போட்டு, பலகையை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். விளக்கு பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எழுந்து குருக்களைப் பார்த்துத் தலையசைத்தேன். அடுத்த நிமிஷம் கற்பூரம் ஏற்றினார்.

அன்றைக்கு மண்டபம் வரைக்கும் நான் விளக்குகளோடேயே நடந்தேன். போய்ச் சேர்ந்து, ஆறையும் இறக்கி வைத்த பிறகு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். முனியம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு இடுப்பில் முடிந்து வைத்திருந்த உடைந்த காது இரண்டையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒன்றில் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது.

"ஏம்பா, எங்க தலை மேல ஏத்தறதுக்கு முன்னாடி இத சாமிகிட்ட காட்டினியா?"

"காட்டினேன்க்கா."

"உன் கண்ணுகிட்ட ஏன் காட்டல?"

மற்ற ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள். சும்மாட்டை மார்போடு பிடித்திருந்தாளே, அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமாளே, ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நினைப்பு அப்போதுதான் உடம்புக்குள் இறங்கியது. அவ்வளவு லேசாக என் வாழ்க்கையில் நான் என்றும் உட்கார்ந்ததில்லை.

மறு வாரமே பழையபடி இரும்புத் தகட்டில் வேறு காதுகள் செய்து போட்டேன். அதற்குப் பிறகு எந்தச் சாமானையும் வெயிலில் நீட்டி, வளைவை நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சந்தனத்தைத் தொட்டேன். பொட்டு வைப்பதை விடவில்லை. முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன். சாமிக்குக் காட்டுவது நன்றி சொல்ல. சோதனை செய்ய நமக்குக் கண் கொடுத்திருக்கிறார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுத இவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன்.

காது உடைந்த சேதி எப்படியோ கல்யாண வீட்டுக்குக் கசிந்தது. ஆனால் பாதிதான் கசிந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஊரெல்லாம் சொன்னார்: "பிள்ளையாரே ஊர்வலத்த நிறுத்தி வச்சாரு. குருக்கள் வாயில பூந்து அத்தினி பேருக்கும் அர்ச்சனை பண்ண வச்சாரு. இல்லன்னா இன்னா ஆயிருக்கும்?" ஒரு மாதத்துக்குள், எனக்குக் கனவில் உத்தரவு வந்து நான் ஓடி வந்ததாகவும் ஆகிவிட்டது. என் பட்டறைக்கு வந்தவர்கள் கைராசிக்காரர் என்றார்கள். பக்திமான் என்றார்கள். நான் மறுக்கவில்லை. சாமி பெயரைச் சொல்லும்போது குறுக்கே பேசலாமா என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். முனியம்மா தெருவில் பார்த்தால் மட்டும், "இன்னாப்பா, கனவெல்லாம் நல்லா வருதா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஒரு வருஷம் அப்படியே இருந்தேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் காலை மாப்பிள்ளையின் தகப்பனார் வீட்டுக்குப் போய், தகட்டைக் காய்ச்சாமல் வளைத்ததிலிருந்து குருக்களிடம் கேட்டுக்கொண்டது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார்.

"அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா உன்ன உதைச்சிருப்பேன்."

"ஆமாங்க."

"அப்ப பிள்ளையார் ஒண்ணுமே செய்யலங்கற?"

"விளக்கு கட்ட எடம் குடுத்தாருங்க. பூசைக்கு நேரம் குடுத்தாரு. உடைஞ்ச தகடு மட்டும் என்னுது."

பாதி மடித்த வெற்றிலையைத் தட்டில் வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "யம்மா, இன்னொரு இலை போடு" என்றார். அன்று காலை நான் சாப்பிட்ட இட்லி எத்தனை என்று எனக்கு நினைவில்லை. ஒரு வருஷமாக என் நாக்கில் இல்லாத ருசி திரும்பி வந்தது நினைவிருக்கிறது.

அவர் தன் கதையைத் திருத்திக்கொண்டார். ஊர் திருத்திக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அந்தத் தெருவில் கேட்டால் கனவையும் உத்தரவையும்தான் சொல்வார்கள். அதனால்தான் எழுதிவிட்டேன்.

இதை உங்களுக்குப் பின்னால் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு விரிசலைச் சின்னதாக்க வேண்டாம். பக்தியால் அற்புதம் சேர்க்கவும் வேண்டாம். பிள்ளையாருக்கு உள்ள பெருமை போதும், என் தப்பை மறைத்து அவருக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. விளக்கைத் தலையில் சுமந்த ஆறு பெண்களுக்குத்தான் ஆபத்து கடைசியாகத் தெரிந்தது. அது தெரிந்த பிறகு எங்கே நிற்பது என்று முடிவு செய்ததும் அவர்கள்தான். இந்த இரண்டையும் மட்டும் எவரும் விட்டுவிடாதீர்கள்.